பதினோரு ஸ்க்ரூ மாடல்

ஒரு பொருளின் வயதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறவனிடம் அந்தப் பொருளைத் தனியாக விடக் கூடாது. வயது தெரிகிறதோ இல்லையோ, பொருள் பழையபடி திரும்பி வராது. ஏதோ பொதுவான உண்மை போலச் சொல்கிறேனே தவிர, இதற்கு நான் அறிந்த ஒரே உதாரணம் நான்தான்.

போடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் நம்பர் மூன்றையும் பார்க்காமல் ஒரு தைலப் புட்டியைக்கூட அலமாரியில் ஏற்றமாட்டேன். இது தொழில். ஆனால் தொழில் கடைக்குள்ளேயே இருந்துகொள்ளவில்லை. கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டு கொடுத்தால் திருப்பிப் பார்த்து எந்த வருடம் பெயர் வெட்டியது என்று தேடுவேன். புத்தகம் வாங்கினால் கதைக்கு முன்னால் எத்தனையாவது பதிப்பு என்று படிப்பேன். பழைய கட்டடங்களில் நெற்றியில் போட்டிருக்கும் வருடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு முறை சாக்கடையில் கால் விட்டிருக்கிறேன். "பொண்ணு பாக்க வந்தப்ப என்னையத் திருப்பிப் பாக்காம விட்டீகளே, அந்த மட்டுக்கும் சந்தோசம்" என்பாள் என் மனைவி எஸ்தர்.

ஊரில் யாராவது ஆண்டுமலர் போட்டால் வரலாற்றுக் கட்டுரைக்கு என்னிடம் வருவார்கள். (வராவிட்டாலும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். பக்கம் நிரம்ப வேண்டுமே என்று போட்டுவிடுவார்கள்.)

இப்படிப்பட்டவனின் மாமனாரிடம் ஒரு பழைய பாஸ் கித்தார் இருந்ததுதான் விதி.

என் மாமனார் தங்கராஜ், ஏலக்காய் வியாபாரி. குரங்கணிக்கு மேலே கொஞ்சம் தோட்டமும் உண்டு. வாலிபத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் பாஸ் வாசித்தவர். பாஸ் என்பது நாலே நாலு தடித்த கம்பி உள்ள மின்சாரக் கித்தார். "வாசிக்கும்போது ஒருத்தனுக்கும் கேக்காது மாப்ளே, நிப்பாட்டுனா மட்டும் என்னமோ போயிருச்சேன்னு எல்லாப் பயலும் திரும்பிப் பாப்பான்" என்று அவர் அதற்கு விளக்கம் சொல்வார். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பியபோது அவரிடம் வாங்கியது. எந்த வருடம் என்று கேட்டால்தான் எனக்குத் தலைவலி வரும்.

"ஆத்துல பெரிய வெள்ளம் வந்துச்சுல்ல, அதுக்கு மறு வருசம்."

"எந்த வெள்ளம் மாமா?"

"பெரிய வெள்ளம்."

இதற்கு மேல் போனால் வேறொரு வெள்ளத்தைச் சொல்வார்.

மெல்லிசைக் குழு கலைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் எங்கள் சபையில் மாமா அந்த பாஸை வாசித்துவிடுவார். நான் சொல்லவரும் வருடம் அவருக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. அதனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மகள் ஜெனி வாசிப்பது என்று முடிவானது. அவள் கல்லூரியில் கைப்பேசியைப் பார்த்துப் பார்த்தே பாஸ் பழகியவள். "நான் கீழ பெஞ்சுல உக்காந்து கேக்கப் போறேன். கேக்குதான்னு பாப்போம்" என்று மாமா போடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வாரக்கணக்கில் அவர் பேச்சே அதுதான்.

ஜெனிதான் என்னைக் கெடுத்தாள் என்றும் சொல்லலாம். "அப்பா, இந்த மாதிரிப் பழைய பாஸையெல்லாம் எந்த வருசம் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கலாமாம்" என்று ஒரு சாயங்காலம் வாய் தவறிச் சொன்னாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு நான் வரவில்லை.

படிக்கப் படிக்க எனக்கு ஊரே மறந்துபோயிற்று. ஒரே அமெரிக்கக் கம்பெனி, ஒரே பெயர், பார்வைக்கு ஒரே கித்தார். ஆனால் உள்ளே போனால் வருடத்துக்கு வருடம் வேறு. முதலில் வந்தவற்றின் உடம்பு சப்பாத்திக் கட்டை போல ஓரம் வெட்டிய பலகை. பிறகுதான் நெஞ்சில் குத்தாமலிருக்க ஓரத்தை இழைத்தார்கள். சத்தத்தை வாங்குகிற காந்தப் பெட்டி முதலில் ஒரே துண்டு, பிறகு மேலும் கீழுமாகத் தள்ளி வைத்த இரண்டு துண்டு. விரலை ஊன்றிக்கொள்ள ஒரு சின்னக் கட்டை இருக்கும். அது பழையதில் கம்பிகளுக்குக் கீழே, புதியதில் மேலே. கம்பிக்கு அடியில், கைபட்டு மரம் தேயாமலிருக்க ஒரு தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருப்பார்கள். அது ஒரு காலத்தில் தங்க நிற உலோகம், அப்புறம் ஆமை ஓடு மாதிரி பழுப்புப் புள்ளி போட்ட செல்லுலாய்டு, அப்புறம் வெள்ளை, அப்புறம் கறுப்பு. அந்தத் தகட்டில் பழைய மாடலுக்குப் பத்து ஸ்க்ரூ. பிந்திய மாடலுக்குப் பதிமூன்று.

கழுத்தின் பின்னால் இருக்கும் இரும்புப் பட்டையில் ஒரு நம்பர் உண்டு. பேட்ச் நம்பர் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஆனால் கம்பெனிக்காரர்கள் அந்தப் பட்டைகளைப் பெட்டியில் கொட்டி வைத்து, கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினார்களாம். ஆகவே நம்பரை வைத்து வருடத்தை உறுதியாகச் சொல்ல முடியாதாம். எனக்கு இது தாங்கவில்லை. ஒரு இருமல் மருந்துக் கம்பெனி இப்படிச் செய்தால் லைசென்ஸ் போய்விடும்.

நம்பத்தக்க சாட்சி ஒன்றுதான். கழுத்தைக் கழற்றினால், உடம்புக்குள் புதைந்திருக்கும் அடிப்பகுதியில் செய்த தொழிலாளி பென்சிலில் தேதி எழுதியிருப்பார். அதைப் பார்க்க நாலு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும்.

மாமா விடவில்லை. "மேல பாருங்க, தடவிப் பாருங்க, மோந்துகூடப் பாருங்க. ஸ்க்ரூவுல மட்டும் கை வைக்காதீக மாப்ளே. தொறந்தா சத்தம் ஓடிப்போயிரும்."

வாத்தியக்காரர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை இருக்கும்போல என்று நான் அதை வேறு குறித்துக்கொண்டேன்.

திறக்காமலே பார்த்ததில்தான் எனக்கு அந்தப் பெரிய கண்டுபிடிப்பு கிடைத்தது. மாமாவின் பாஸில் தகடு ஆமை ஓட்டுப் பழுப்பு. விரல் கட்டை கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, நடுவில் சாய்வாக இருந்தது. ஸ்க்ரூக்களை எண்ணினேன். பதினொன்று. எஸ்தரை எண்ணச் சொன்னேன். பதினொன்று. கடைப் பையனை வரச்சொல்லலாமா என்று யோசித்தபோது எஸ்தர் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

பத்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் பதினொன்று. அதாவது, பழைய மாடலிலிருந்து புதிய மாடலுக்கு மாறும் வழியில் கம்பெனி கொஞ்ச நாள் தயங்கி நின்றிருக்கிறது. அந்தத் தயக்கத்தில் பிறந்த ஒரு குழந்தை கடல் தாண்டி, கொடைக்கானல் ஏறி, போடிக்கு இறங்கி வந்திருக்கிறது. உலகத்தில் வேறு யாரும் பார்த்திராத மாடல். பழைய பாஸ் பித்துப் பிடித்தவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் படங்களைப் போட்டு, என் முடிவையும் பணிவாக (அதாவது நாலு பக்கத்துக்கு) எழுதினேன். பின்லாந்துக்காரர் ஒருவர் உடனே பதில் போட்டார். முப்பது வருடமாக இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து குழுவில் அதற்குப் 'பதினோரு ஸ்க்ரூ மாடல்' என்று பெயர்.

சபையின் கிறிஸ்துமஸ் மலரில் 'உலகில் ஒன்றே ஒன்று' என்ற தலைப்பில் என் கட்டுரை வந்தது. மாமாவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். ஒரு தரம் என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீக" என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார்.

நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கட்டுரையில் ஒரே ஒரு குறை. தேதி இல்லை. வருடம் சொல்லாத வரலாற்றுக் கட்டுரை உப்பில்லாக் கஞ்சி. பின்லாந்துக்காரர் வேறு தினம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்: கழுத்தைக் கழற்றினீர்களா, கழற்றினீர்களா என்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சந்தர்ப்பம் வந்தது. நான் எண்ணிப் பார்த்த பிறகு மாமா பாஸை மலைமேல் தோட்டத்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோயிருந்தார். மாமாவும் அத்தையும் பாட்டு ஒத்திகைக்காகப் போடிக்கு வந்துவிட்டார்கள். யாராவது போய் எடுத்து வர வேண்டும். "நான் போறேன்" என்றேன். இதுவரை தோட்டத்துக்கு ஒரு வேலையாகவும் போயிராத மருமகன் அவ்வளவு வெரசாக எழுந்ததைப் பார்த்து மாமா அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"எடுத்து நேரா வந்துருங்க மாப்ளே. வழியில ஒண்ணும் ஆராய்ச்சி வேணாம்."

குரங்கணி வரை பஸ். அங்கிருந்து ஜீப்பு. மழை. ஜீப்பில் உர மூட்டைக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் எனக்கு இடம் கொடுத்தார்கள். ஆடு என் தோள்மேல் தலையை வைத்துக்கொண்டு தூங்கியது. மேலே போய்ச் சேர்ந்தபோது என்னில் நனையாத இடம் ஆடு சாய்ந்திருந்த இடம் ஒன்றுதான்.

பாஸ் பெட்டிக்குள் படுத்திருந்தது. பெட்டி முழுக்க வெள்ளைப் பூசணம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன் (எடுத்துத்தான் போயிருந்தேன்). கழுத்து ஸ்க்ரூ நாலில் ஒன்றுகூட அசையவில்லை. ஈரத்தில் மரம் ஊதி இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னும் அழுத்தினால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிடும். தேய்ந்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் மலைக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பச்சை ஏலக்காயைப் பறித்து வந்ததும் ஸ்டோரில் வைத்து உலர்த்துவார்கள். ஸ்டோர் என்றால் கடை இல்லை. கீழே விறகு எரித்து, குழாய் வழியாகச் சூட்டை உள்ளே ஓடவிட்டு, தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி வைக்கிற மூடிய அறை. மழைக்காலத்தில் அந்த மலையில் உலர்ந்த இடம் அது ஒன்றுதான். ஆகவே எது நனைந்தாலும் ஸ்டோருக்குப் போகும். கம்பளி, செருப்பு, பள்ளிக்கூடப் பை, ரேஷன் கார்டு. ஒரு முறை கல்யாணப் பத்திரிகைக் கட்டு முழுவதும் அங்கே உலர்ந்து, பத்திரிகை கொடுத்த வீட்டிலெல்லாம் மணத்தது. அந்த மலையில் ஒருவனுக்குப் புத்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், நனைந்ததை ஸ்டோரில் வைக்கிறானா என்று பார்த்தால் போதும்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் பால்பாண்டி. அன்றைக்குப் பறித்த காயை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது ஈரமாயிருச்சு. உள்ள வெச்சா சரியாப்போகுமா?"

"இதென்ன கேள்வி தம்பி. கொண்டாங்க இங்கிட்டு." வாங்கி, தட்டிப் பார்த்தார். "மரந்தான? காஞ்சிரும். போன மாசம் ஒரு வாத்தியாரு செல்போனையே வெச்சாரு."

"நல்லாயிருச்சா?"

"நல்லாகல. ஆனா ஈரம் போயிருச்சு."

இந்தப் பதிலை நான் அன்றைக்கு ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இப்போது இதை எழுதவேண்டி வந்திருக்காது. எனக்குக் கேட்டதெல்லாம் ஈரம் போயிருச்சு என்பது மட்டும்தான். மரம் சுருங்கும், ஸ்க்ரூ தளரும், கழுத்து வரும், தேதி தெரியும். எத்தனை புத்தகம் படித்த மூளை.

"ஓரத்துல வேணாம்" என்றார் பால்பாண்டி அக்கறையாக. "நடுத்தட்டுல மொதத் தரக் காய்க்கு நடுவுல வெக்கிறேன். அங்கதான் சூடு சீரா ஏறும்."

கம்பிகளைத் தளர்த்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நாலு தடித்த கம்பியும் முறுக்கேறியபடியே இருக்க, உலகில் ஒன்றே ஒன்றான மாடலை ஏலக்காய்ப் படுக்கையில் கிடத்திவிட்டு நான் கருப்பட்டிக் காப்பி குடித்துத் தூங்கப் போனேன்.

காலையில் ஸ்டோரைத் திறந்தார். வாசம் முகத்தில் அடித்தது. பால்பாண்டி ஒரு கை காயை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னா பச்சை பாத்தீகளா. இந்த வருசத்துலயே இதுதான் நல்ல காய்."

பிறகு பாஸைப் பார்த்தார். கையிலிருந்த காயை மெல்லத் தட்டிலேயே போட்டார்.

"இது ஒரு கொதி கூடிப்போச்சோ தம்பி" என்றார்.

கழுத்து வில்லாகியிருந்தது. கம்பிகள் மரத்தை விட்டு எழும்பி, அடியில் ஒரு விரலை விட்டு எடுக்கலாம் போலிருந்தன. உடம்பில் பூசிய வார்னிஷ் வறண்ட கண்மாய் மாதிரி வெடித்திருந்தது. தலையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் சுருண்டு, முதல் எழுத்து மட்டும் மிச்சம். காந்தப் பெட்டிக்குள் இருந்த மெழுகு உருகி வடிந்து உறைந்திருந்தது. அதில் நாலைந்து ஏலக்காய் ஒட்டியிருந்தது.

பழுப்புத் தகடு மட்டும் வைத்தது வைத்தபடி பளபளவென்று இருந்தது.

செல்லுலாய்டு சூடு பட்டால் முதலில் சுருளும் என்று என் கட்டுரையில் நானே எழுதியிருந்தேன். ஆனால் கண்ணெதிரே அது சுருளாமல் கிடக்கும்போது எனக்கு வந்த எண்ணம்: பார்த்தாயா, அந்தக் காலத்துத் தரம்.

அழுவதற்கு முன் வந்த வேலையை முடித்துவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். நாலும் வெண்ணெயில் இறங்கிய கத்தி போலக் கழன்றன. கழுத்தைப் பிரித்து, அடிப்பகுதியை வெளிச்சத்தில் திருப்பினேன். ஒன்றும் இல்லை. பென்சிலும் இல்லை, முத்திரையும் இல்லை. வழவழவென்று இழைத்துவிட்ட மரம்.

(அப்போதும் நான் கலங்கவில்லை. 'தேதி எழுதாமல் விட்ட அபூர்வ ரகம்' என்று மனசுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னைப் பார்த்து எனக்கே சலிப்பாக இருக்கிறது.)

பழையபடி மாட்டி, பெட்டியில் வைத்து, ஜீப்பில் ஏற்றி இறங்கினேன். திரும்பும்போது ஆடு இல்லை. ஆறுதலுக்காவது இருந்திருக்கலாம்.

போடியில் வீட்டு முன்னறையில் ஒத்திகை நடந்து முடிந்து, மாமாவும் ஜெனியும் மட்டும் இருந்தார்கள். எஸ்தர் என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியான ஏதோ வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாமா பெட்டியைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மிகவும் அமைதியான குரலில் கேட்டார்:

"மாப்ளே, இது ஏன் பாயாச வாசம் அடிக்குது?"

ஈரம் என்றேன், பூசணம் என்றேன், மரம் என்றேன். ஜெனி பாஸை எடுத்து ஒரு கம்பியைத் தட்டினாள். செத்த தவளை மாதிரி ஒரு ஒலி வந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. "நாலு நாள்ல ஆராதனைப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது அடுப்படியிலிருந்து அத்தை வந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள். வளைந்த கழுத்தைப் பார்த்தார்கள். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார்கள். பிறகு என்னைப் பார்க்காமல், நேராக மாமாவைப் பார்த்து, "திரும்பவுமா கொண்டுபோய் ஸ்டோருல வெச்சீக?" என்றார்கள்.

மாமா சட்டென்று கையை ஆட்டினார்.

"இந்தத் தடவ நான் இல்ல. மாப்ள."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. ஜெனி கண்ணைத் துடைத்தாள். "இந்தத் தடவையா? தாத்தா, அப்ப முந்தின தடவ?"

மாமா மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

அத்தைதான் சொன்னார்கள். கல்யாணமான முதல் வருட மழைக்கு நடந்ததாம். மாமா எங்கோ கச்சேரி வாசித்துவிட்டு நனைந்த பாஸோடு தோட்டத்துக்குப் போயிருக்கிறார். "வைக்காதீகன்னு சொன்னேன். புதுசா வந்தவ பேச்ச யாரு கேக்குறா? காலையில போயிப் பாத்தா மேல இருந்த தகடு அப்பளமாச் சுருண்டு கெடக்கு. கழுத்து கோணிப்போச்சு. இந்த மனுசன் ரெண்டு நாளு சோறு திங்கல."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, தச்சாசாரிகிட்டத்தான். தகடு இல்லன்னாரு. டீக்கடையில மேசைக்கு ஒட்டுன மைக்கா மிச்சம் கெடந்துச்சு, அதுல வெட்டி, வெரல் கட்டையத் தோணுன எடத்துல சாய்ச்சு வெச்சு மாட்டுனாரு. கழுத்து உள்ள உக்காரலன்னு அடியில சீவி விட்டாரு."

"ஸ்க்ரூ?" என்றேன்.

"பதிமூணு இருந்துச்சு. ஸ்டோருல ரெண்டு தொலைஞ்சு போச்சு."

ஒரு கம்பெனி தயங்கி நின்றது, ஒரு குழந்தை பிறந்தது, பின்லாந்து முப்பது வருடம் காத்திருந்தது. எல்லாம் இரண்டு ஸ்க்ரூ காயோடு காயாகக் கலந்து எங்கோ மூட்டையில் போனதால்.

ஜெனி என் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பதினொன்றையும் கழற்றித் தகட்டைத் தூக்கினாள். மாமா தடுக்கவில்லை. ஓடிப்போவதற்கு இனி சத்தம் ஏது? தகட்டுக்கு அடியில் குடைந்திருந்த பள்ளத்தில் மூன்று ஏலக்காய் கிடந்தது. நான் வைத்ததல்ல, கறுத்து, சுருங்கி, எலும்பாகிப்போன பழைய காய். தகட்டின் முதுகில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஒரு தொழிலாளியின் பென்சில் எழுத்தைத் தேடித்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? தமிழில், தச்சாசாரியின் சாய்ந்த எழுத்தில் இருந்தது:

மேப்பக்கம்.

ஜெனிதான் முதலில் சிரித்தாள். பிறகு எஸ்தர். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தக் காய் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இன்னும் வாசம் இருக்கு மாப்ளே" என்றார். "நல்ல காய்."

"மலர் அச்சாகுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா?"

"உலகத்துலயே ஒண்ணுன்னு எழுதிட்டீக. எப்பிடிச் சொல்றது?"

வேறு பாஸ் இரவல் வாங்கலாம் என்றேன். மதுரையில் கிடைக்கும், நானே போகிறேன் என்றேன். ஜெனி கேட்கவில்லை. "தாத்தாவோடதுதான்" என்றாள். இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கே சத்தம் வருகிறது, எங்கே வரவில்லை என்று தடவித் தடவிப் பார்த்தாள். கழுத்து வளைந்ததில் பாதிக்குமேல் விரல் அழுத்தினால் கம்பி மரத்தைத் தொடவேயில்லை. விரலே வைக்காமல் வெறும் கம்பியைத் தட்டினால் மட்டும் ஒழுங்கான ஸ்வரம் வந்தது. அதோடு தலைப்பக்கம் ஒன்றிரண்டு இடம். ஆகவே எல்லாப் பாட்டையும் அந்த நாலு கம்பிக்குத் தகுந்த சுருதிக்கு மாற்றினாள்.

விளைவு, அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாப் பாட்டும் வழக்கத்தைவிட இரண்டு கட்டை மேலே போயின. முதல் பாட்டின் இரண்டாவது வரியிலேயே ஆண்கள் பக்கம் கைவிட்டது. பெண்கள் கடைசிச் சரணம்வரை இழுத்துப் பிடித்தார்கள். பாஸ்டர் கழுத்து நரம்பு புடைக்க, ஏதோ பிரசவ வேதனைபோல ஒரு உச்சிக்குப் போய் அங்கிருந்து இறங்க வழி தெரியாமல் நின்றார். மறுநாள் என் கடையில் தொண்டை மாத்திரை ஸ்டாக் தீர்ந்துவிட்டது. (இதை நான் திட்டமிட்டுச் செய்ததாக ஒரு பேச்சு உண்டு. பொய்.)

மாமா முன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடங்காத விரல் இரண்டும் தொடைமேல் அசைந்துகொண்டிருந்தன. ஜெனியின் கை பட்டு பாஸ் சூடேறச் சூடேற, சபை முழுக்க மெல்ல ஏலக்காய் வாசம் பரவியது. மத்தியில் ஓரிடத்தில் ஜெனி வாசிப்பதை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, திரும்ப ஆரம்பித்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் எல்லாரும் என்னமோ போய்விட்டதே என்று திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா என் பக்கம் சாய்ந்தார். "கேக்குது" என்றார்.

பிறகு மதுரையில் ஒருவர் கழுத்தை ஓரளவு நிமிர்த்திக் கொடுத்தார். வாசத்துக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இணையக் குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். டீக்கடை மேசை, மைக்கா, தொலைந்த இரண்டு ஸ்க்ரூ எல்லாம் சொன்னேன். பின்லாந்துக்காரர் பதில் எழுதினார்: அப்படியென்றால் இது இன்னும் அபூர்வமானது, தகட்டை ஒரு தாளில் வைத்து வரைந்து அனுப்ப முடியுமா, அதே போல ஒன்று செய்துகொள்ள வேண்டும். வரைந்து அனுப்பினேன். இப்போது அந்தக் குளிர் நாட்டில் யாரோ ஒருவரின் வீட்டில் போடி தச்சாசாரி வெட்டிய அளவில் ஒரு தகடு, பதினோரு ஸ்க்ரூவோடு மாட்டியிருக்கிறது. எந்த வருடத்து மாடல் என்று அவர்கள் குழப்பிக்கொள்ளட்டும். உண்மையான தேதி போடியில் ஏதோ ஒரு பட்டறையில் மரச் சீவலோடு பெருக்கித் தள்ளப்பட்டது. என் வாழ்நாளில் நான் தேதி போடாமல் விட்ட ஒரே பொருள் அது.

வீட்டில் எனக்குக் கிடைத்த தண்டனை வேறு. பால் பொங்கி வழிந்தாலும் சரி, ஸ்கூட்டரில் கோடு விழுந்தாலும் சரி, யார் செய்தது என்று எஸ்தர் கேட்பதற்கு முன்னால் ஆளுக்கு ஆள் கையை ஆட்டி மாமாவின் அதே வசனத்தைச் சொல்கிறார்கள். போன மழைக்கு அத்தையின் வேதப் புத்தகம் நனைந்து, இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் மொறுமொறுவென்று, பாயாச வாசத்தோடு மேசைமேல் இருந்தது. அத்தை அதை முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மாமாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்:

"இந்தத் தடவ நான் இல்ல."